ஈஸ்டருக்கு வரும் கவர்

செங்கம் ரோட்டில் எங்கள் மாடி அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். அதில் தங்கிப் போன ஒரு வயதான அம்மாள், என் வீட்டுக்காரரின் ஸ்டாம்பு பைத்தியத்தை நினைவு வைத்து, வருடம் தவறாமல் ஈஸ்டருக்கு ஒரு கவர் அனுப்புவார். வண்ணம் பூசிய முட்டைகள், ஓட்டை உடைத்துக்கொண்டு வரும் கோழிக்குஞ்சு, காதை நிமிர்த்திய முயல் என்று விதவிதமான ஸ்டாம்புகளாக ஒட்டியிருப்பார். ஒரு வருடம், ஈஸ்டர் கதையில் வரும், கல் உருட்டிவிடப்பட்ட காலிக் கல்லறை வந்தது.

“பாத்தியா, உள்ள வெச்ச பொணத்தையே காணோம்!” என்று சிரித்தார் இவர். பதிலுக்கு நம் ஊர் ஸ்டாம்புகளை அனுப்பிவைப்பார்.

ஒரு பங்குனியில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த வாரமே ஈஸ்டர் கவர் வந்தது. அவர் பெயர் போட்டு, செல்லமாக இரண்டு குஞ்சுகள் ஒட்டி. அமாவாசைப் படையலில் அதையும் வைத்தேன்.

“முட்டை படத்த வெக்கற, நெஜ முட்டையும் ரெண்டு அவிச்சு வையி. ஜாஸ்தி சந்தோஷப்படுவான்,” என்றார் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அந்த அம்மாளுக்குச் சாவுச் செய்தி எழுத எனக்குக் கை வரவில்லை. உலகத்தில் ஒருத்திக்காவது அவர் உயிரோடு இருக்கட்டுமே! அவரைப் போலவே ஆங்கிலப் பெரிய எழுத்தில் முகவரி எழுதி ஸ்டாம்புகளை அனுப்பினேன். எழுதி முடித்துப் பார்த்தால் அவர் கையெழுத்தேதான். அடுத்தடுத்த ஈஸ்டருக்கும் கவர் வந்தது, நானும் அனுப்பினேன். இங்கே படையல், அங்கே பதில்.

இந்த வருடம் கவர் வரவில்லை. வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். அந்த அம்மாளின் மகளாம். சாரைப் பார்க்க வேண்டும் என்றாள். வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே ஆரம்பித்தாள். அம்மா இறந்து இரண்டு வருடமாகிறதாம். இங்கிருந்து ஸ்டாம்புகள் வந்துகொண்டே இருந்ததால், சார் ஏமாந்துபோவாரே என்று அம்மாவைப் போல இவளே எழுதி அனுப்பினாளாம்.

செத்தவரும் செத்தவரும் அல்லவா இத்தனை நாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

அவளை உள்ளே கூட்டிப்போய், மாலை போட்ட படத்தைக் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் போய் மூன்று வருடமாகிறது. ஆனால் அவளுக்குப் படத்தைக் காட்டிய அன்றைக்குத்தான் நான் விதவையானேன்.