அப்பா போர்த்திய பேட்டரி

என் ரிப்பேர் கடைக்கு வரும் மின்சார ஸ்கூட்டர்களில் பாதிக்கு ஒரே வியாதி: குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறாது. புது பேட்டரி மாட்டிக்கொண்டு, பழையதை என்னிடமே விட்டுவிட்டுப் போவார்கள். மேடு ஏறாத பேட்டரி செத்த பேட்டரி இல்லை என்றால் யாரும் கேட்பதில்லை. அக்காவும் கேட்கவில்லை.

அப்பா தேயிலை எஸ்டேட் நர்சரியில் நாற்று வளர்த்தவர். ஓய்வுக்குப் பிறகு நுரையீரல் கெட்டு, நாளெல்லாம் ஆக்சிஜன் மெஷின் தேவைப்பட்டது. எங்கள் பக்கம் ஒரு மரம் சாய்ந்தால் அரை நாள் கரண்ட் இருக்காது. கோயம்புத்தூரில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள் அக்கா. மலையை விட்டு இறங்கமாட்டேன் என்றார் அப்பா. பழைய பேட்டரிகளில் மெஷினை ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன் நான்.

"ஏறாத வண்டியோட பேட்டரிய நம்பி அப்பாவ உடறதா? ஞாயித்துக்கெழம காரோட வர்றேன்" என்று போனை வைத்தாள்.

நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். செல் செல்லாகச் சோதித்து, தேறியதை மட்டும் இரும்புப் பெட்டியில் அடுக்கி வாசலில் வைத்து, மெஷினுக்கு இணைத்தேன். வெள்ளிக்கிழமை காலை கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் மெஷினும் நின்றது. கைக்கெட்டும் இடத்தில் சிறு சிலிண்டர் இருந்ததால் தப்பித்தோம்.

வாசலுக்கு ஓடினேன். பெட்டிமேல் கம்பளி, அதன்மேல் பெரணித்தழை. உறைபனிக்கு நாற்றுகளை மூடுவதுபோல, காற்றுத் துளை ஒன்று விடாமல் மூடியிருந்தது. சூடேறி, பெட்டி தானாகவே அணைந்திருக்கிறது.

"யாரக் கேட்டு மூடுனீங்க? உசுரு போயிருந்தா?" என்று கத்தினேன்.

"பழசாச்சே அம்முணி. குளுரு தாங்காதுன்னு போத்துனேன்."

கத்தியதற்கு வெட்கப்பட்டேன். ஆனாலும் அன்றே பெட்டியைச் சுற்றி, காற்றுக்கு இடம் விட்டு, கம்பிவலை அடித்தேன்.

ஞாயிறு காலை அக்கா வந்ததும் அப்பாவின் துணிகளைப் பையில் அடுக்கினாள். அந்தக் கம்பளியும் உள்ளே போனது.

"மெயின நீங்களே ஆஃப் பண்ணுங்கக்கா. மெஷின் நின்னா நானே அப்பாவ கார்ல ஏத்தறேன்" என்றேன்.

அணைத்தாள். மெஷின் ஓடியது. சாப்பிட்டோம், ஓடியது. அப்பா தூங்கி எழுந்தார். மாலை டீ ஆறிப்போகும்வரை அக்கா மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருட்டுமுன் மலை இறங்க வேண்டும் என்று எழுந்தாள். பையைத் திறந்து, கம்பளியை எடுத்து அப்பாவுக்குப் போர்த்தினாள்.

"மெயினப் போடு" என்றாள்.