எல்லா வரியிலும் பர்ஹானா

சென்ற வியாழக்கிழமை எனக்கு ஓர் அதிர்ச்சி. இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

நான் கெம்பஸில் மென்பொருள் பொறியியல் படிப்பிப்பவன் என்பது பத்திரிகையில் இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். அன்று குரூப் புரொஜெக்டுக்குப் புள்ளி போடும் நாள். ஐந்து பேர் கொண்ட ஒரு குழு வந்தது. கிரான் ஊர் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், எந்த வயலுக்கு எப்போது வாய்க்கால் தண்ணீர் வரும் என்று விவசாயியின் போனுக்குச் சொல்லும் ஆப். அருமையாக ஓடியது.

ஆனால் நான் லேசுப்பட்ட ஆளா? யார், எந்த நாள், எத்தனை வரி நிரல் எழுதினார் என்பதெல்லாம் கணினியில் தானாகவே பதிவாகும். அதைத் திறந்தேன். தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே பெயர் — காத்தான்குடி பர்ஹானா!

எனக்குத் தலை சுற்றியது. ஒரு பிள்ளை மாடாய் உழைக்க, நாலு தடியன்கள் ஓசியில் பட்டம் வாங்குவதா?

"பர்ஹானாவுக்குத் தொண்ணூறு. மற்ற நாலு பேருக்கும் பூச்சியம். அடுத்த வருசம் வந்து திரும்பச் செய்யுங்க" என்றேன்.

நால்வரில் வாகரையிலிருந்து வரும் சுதனின் முகம் வெளிறிவிட்டது. அவன் வீட்டில் முதன்முதலாகக் கெம்பஸ் வந்தவன் அவன்தான். ஆனால் எழுந்தது பர்ஹானா.

"சேர், அதில நான் ஒரு வரியும் எழுதல்ல."

என்ன..?

"லெப்டொப்தான் என்ட. அஞ்சு பேருக்கும் அது ஒண்டுதான் சேர். கம்பியூட்டர் லேப்ப நாலு மணிக்குப் பூட்டிருவாங்க. அதுக்கு மறுகா இவங்க மாறி மாறி என்ட லெப்டொப்பிலதான் எழுதினாங்க. அதால எல்லாம் என்ட பேர்ல விழுந்திட்டு."

"அப்ப நீங்க என்ன செய்தீங்க?"

"கிரானுக்குப் போய் வயல்காரரிட்ட விசாரிச்சன். இவங்க எழுதினதில பிழை புடிச்சன். வரியை எண்ணித்தான் புள்ளியெண்டா, பூச்சியத்த எனக்குப் போடுங்க சேர்."

நம்புவதா? சுதனைக் கூப்பிட்டேன். தண்ணீர் முறை போடும் பகுதியை அழித்துவிட்டு, என் கண் முன்னால் திரும்ப எழுதச் சொன்னேன். எழுதினான் — முன்பைவிடச் சுருக்கமாக! மற்ற மூவரும் அப்படியே.

வெட்கமாக இருந்தது. ஒரு செமஸ்டர் முழுக்க 'டீம் வேர்க், டீம் வேர்க்' என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். 'உங்களில் யாரிடம் லெப்டொப் இருக்கிறது?' என்று பிள்ளைகளிடம் ஒரு நாளாவது கேட்டேனா?

ஐந்து பேரும் பாஸ். பெயிலானவர் ஒருவர்தான்... அவருடைய படம் இந்தப் பத்தியின் தலையில் இருக்கிறது.