பரிமளம் சொன்ன குரங்குப் படம்

அலுவிகாரையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பரிமளம் மிளகாய் அரைக்கிற மில்லில் வேலை செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டும் அவளுக்கு வேறு வேலை. முன்வீட்டுச் சிங்கள அம்மா, நாங்கள் நோனா என்போம், அவள் டீவியில் சிங்களத்தில் படம் ஓடும். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய எங்களுக்கு அது சரியாக விளங்காது. பரிமளம் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். கள்ளன் பேசினால் கள்ளன் குரல், கிழவி பேசினால் கிழவி குரல். ஒரு சொல் கூட்ட மாட்டாள், குறைக்க மாட்டாள். அம்மன் கொடுத்த வரம் என்றுதான் நான் நினைப்பேன்.

நாட்டில் சண்டை ஓய்ந்திருந்த 2003ஆம் வருடம், ஒரு ஞாயிறு ஜப்பான் கார்ட்டூன் படம் போட்டார்கள். அன்று எங்கள் தெரு அழகுமுத்து அண்ணனும் வந்து உட்கார்ந்தார். அவருடைய வாழைத் தோட்டத்தைக் குரங்குகள் அழித்துக்கொண்டிருந்தன. மனுஷன் பொறுத்துப் பார்த்துவிட்டு, பழத்துக்குள் பூச்சிமருந்து வைத்துச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். திங்கள் காலை தோட்டத்தில் போடுவதாக முடிவு. அதற்காகச் சனிக்கிழமையே ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தி, முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டார்.

"சாமி என்ன சொல்லிச்சு அண்ணே?" என்று பரிமளம் கேட்டாள்.

"வேணாம்னா மாலை விழுந்திருக்கும்ல."

படத்திலும் குரங்குதான். பனி மலையடியில் ஒரு ஊர். பஞ்சத்தில் வந்த சனம் காட்டை வெட்டி வயல் போடுகிறது. காடு போன குரங்குகள் வயலில் இறங்குகின்றன. ஊர்த் தலைவன் மிச்சக் காட்டுக்கும் தீ வைக்கிறான்.

"என் பிள்ளைங்க பசியோட படுக்குதுங்க. நான் வேற என்ன செய்ய?" என்று பரிமளம் அவன் குரலில் சொன்னபோது அண்ணன் தொடையில் தட்டினார். "அப்படிக் கேளு. இவன் மனுஷன்."

"ஜப்பான்ல உளுந்து கெடைக்காதோ என்னமோ, வடைமாலை போடாமலே தீ வச்சுட்டானே," என்றாள் பின்னாலிருந்த பேச்சியம்மா. எல்லோரும் சிரித்தோம்.

அப்போது ஒரு கிழட்டுப் பெண்குரங்கு குட்டியை அணைத்துக்கொண்டு தலைவன் முன்னால் வந்து ஏதோ சொன்னது. பரிமளம் ஒரு கணம் அண்ணனைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எங்களுக்கும் போறதுக்கு வேற மலை இல்ல."

அண்ணன் முகம் மாறிவிட்டது. "குரங்கு அப்படிச் சொல்லல்ல. எனக்காக நீயா சேர்த்துச் சொல்ற."

பரிமளம் கோபிக்கவில்லை. "நோனாகிட்ட கேளுங்க."

"சரி, சரி. அப்படித்தான் சொன்னது," என்றாள் நோனா, தனக்குத் தெரிந்த தமிழில். "வேற மலை இல்லை."

படம் முடியும்போது தீ அணைந்திருந்தது. பாதி காடு, பாதி வயல்.

"யாரு ஜெயிச்சது?" என்றார் அண்ணன்.

"அத சொல்லல்லண்ணே."

"நீயாவது ஒண்ணு சொல்லேன்."

"படத்துல இல்லாதத நான் எப்படிச் சொல்றது?"

கொல்லாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள் என்றுதான் நாங்கள் காத்திருந்தோம். சொல்லவில்லை. சாக்கு அவர் வீட்டில் இருப்பது தெரிந்தும் அவள் வாய் பொய்க்குப் போகவில்லை. எனக்கென்றால் முடிந்திருக்காது.

திங்கள் காலை அண்ணன் ஆழக் குழி வெட்டி அந்தப் பழங்களைப் புதைத்தார்.

குரங்குகள் சும்மா இருக்குமா? அந்த வாரமே இரண்டு குலை போனது. "உன் படத்தாலதான்" என்று பரிமளத்தின் வாசலில் வந்து நின்று ஏசினார். மறுநாளிலிருந்து அவள் மில்லுக்குப் போக முதல் ஒரு தகரத்தை எடுத்துக்கொண்டு அவர் தோட்டத்துக்குப் போய்த் தட்டினாள். குரங்குகள் கொஞ்சம் விலகி, மரத்தில் உட்கார்ந்து அவளையே பார்க்கும்.

"அதுங்களுக்கு நீதான் டீவி," என்பார் அண்ணன், அவள் பக்கத்தில் நின்று தன் தகரத்தைத் தட்டிக்கொண்டே.