அடுப்பை இடம் மாற்றிய சிவகாமி அம்மையார்

என் எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கிழவனான பிறகு எழுதக் கற்றவன் நான். ஒரு வரி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஆனாலும் என் கையால் எழுதுகிறேன் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. திங்கட்கிழமை காலையும் அந்த மகிழ்ச்சியோடுதான் உட்கார்ந்திருந்தேன். மருமகள் வந்து, “மாமா, சிவகாமி அம்மா தவறிட்டாவளாம்” என்றாள். அன்று அதற்குமேல் எழுத முடியவில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மையார் தாமிரபரணிக் கரையில் வயல் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். அரசுத் தோட்டக்கலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், எங்கள் துரைத்தோப்பைக் காப்பாற்றத் திட்டம் எழுத வந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் பொதுமக்களுக்கென்று வைத்த பூங்கா அது. புளியும் இலுப்பையும் நாவலும் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் திரேஸ்புரத்திலிருந்துகூடக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். எங்கள் கோவில் திருவிழாவில் ஊரே உட்கார்ந்து உண்ணும் அசனமும் அங்கேதான். அடுப்புக்கு நான் பொறுப்பு.

முதல் நாள் அவர் மரங்களைத் தட்டிக்கொண்டே நடந்தார். “அண்ணாச்சி, இதெல்லாம் ஒரே சமயத்துல வச்ச மரம். ஒரே சமயத்துல கிழடாகுது. மரம் சாகுறது தப்பில்ல. எல்லாம் சேந்து சாகக் கூடாது” என்றார். எந்த இடைவெளியில் எப்போது கன்று வைப்பது, எந்தக் கிளைக்கு முட்டுக் கொடுப்பது என்று பிற்பாடு நூறாண்டுக்குப் படம் வரைந்தார். நூறாண்டு! எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த முதல் நாளே பெரிய புளியமரத்தடியில் நின்றுவிட்டார். தலைமுறையாக அங்கேதான் அடுப்பு மூட்டுவோம். சோறு வடித்த கொதிகஞ்சியை மரத்துக்கே ஊற்றுவோம். மரத்துக்கும் அசனம் என்று எங்களுக்கு ஓர் எண்ணம். அவர் மண்ணைக் கிளறி ஒரு வேரை என் கையில் வைத்தார். நைந்து, புளித்த வாடை அடித்தது.

“பாசமாத்தான் ஊத்துனிய, அண்ணாச்சி. வேர் வெந்து போச்சு.”

அடுப்பை மேற்கே வெட்டவெளிக்கு மாற்ற வேண்டும் என்றதும் ஊர்க்கூட்டம் கொந்தளித்தது. “வயக்காட்டு அம்மா வந்து நம்ம அசனத்துல தண்ணி ஊத்துதாவளே!” என்று சூசை கத்தினான், அவன் கடலுக்குப் போகும் வள்ளத்துக்காரன். அம்மையார் கோபப்படவில்லை. “சமைக்கிறது அங்கன. சாப்பிடுறது மரத்தடியிலதான். இலை போடாதியன்னு நான் சொல்லலியே” என்றார். பெண்கள் சிரித்ததால் கூட்டம் அன்று சண்டையாகாமல் தப்பியது.

ஆனால் துறைமுக லாரிகளை நிறுத்தத் தோப்பில் பாதியைச் சமப்படுத்தும் யோசனையும் மேலதிகாரிகளிடம் இருந்தது. பார்க்க வந்த அதிகாரி கறாராகச் சொன்னார்: “திருவிழா அன்னைக்கு வருவேன். மரத்தடியில ஒரு அடுப்பு எரிஞ்சாலும் ஊர் ஒத்துழைக்கலன்னு எழுதிடுவேன். அப்புறம் லாரி ஸ்டாண்டுதான்.”

அசனத்தன்று ஊரே ஒத்துக்கொண்டு அடுப்பை மேற்கே போட்டோம்; கச்சான் காற்று பேயாக அடித்தது. கடற்கரைக்காரர்கள் அறிந்த மேல்காற்றுதான். ஆனால் அடுப்பு எப்போதும் மரத்தடியில் மறைவாக இருந்ததால் நாங்களும் அதை நினைக்கவில்லை. வெட்டவெளியில் தீ நிற்கவில்லை. நின்ற தீயிலிருந்து பொறி பறந்து தோப்புச் சருகை நோக்கிப் போயிற்று. பெரிய சோற்றுக் கிடாரத்தில் அரிசி ஊறிக் கிடந்தது. பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்தார்கள்.

“அண்ணாச்சி, மரத்தடிக்குத் தூக்குவோம். சொல்லும்!” என்றான் சூசை. ஆட்கள் கிடாரத்தில் கை வைத்துவிட்டார்கள். நான் தலையசைத்தால் போதும், தோப்பு போய்விடும். அசைக்காவிட்டால் ஊர் பட்டினி. கண்ணால் அம்மையாரைத் தேடினேன்.

அம்மையார் கண்ணில் புகையோடு வந்தார். “தப்பு என்னுது, அண்ணாச்சி. காத்த நான் நெனைக்கல. கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லி, சேலையைச் சொருகிக்கொண்டு துறைமுகச் சாலைக்கு ஓடினார். அங்கே உப்பு லாரிகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்களிடம் அவர் கைகூப்பியது எங்களுக்குத் தெரிந்தது. “தம்பியளா, கறிச்சோறு சாப்பிட்டுட்டுப் போங்க. அதுவரைக்கும் வண்டிய எங்களுக்கு மதிலா நிறுத்துங்க” என்று கேட்டாராம்.

லாரிகள் உறுமிக்கொண்டு வந்தன. “ஏலே, லாரி வேண்டாம்னு சொன்ன அம்மாவே லாரியக் கூட்டிட்டு வாராவ பாரு!” என்று சூசையே சிரித்துவிட்டான். பிறகு அவன்தான் வண்டிகளின் அடிச்சந்துகளை ஈரச் சாக்கால் அடைத்தான். தீ நிமிர்ந்தது. ஆனாலும் சோறு பொங்கும்வரை ஈரச் சாக்கோடு நின்றோம். எல்லார் கண்ணும் சருகின் மேலே இருந்தது.

அதிகாரி வந்து, “என்ன இது, அதுக்குள்ள லாரி ஸ்டாண்டா?” என்றார்.

“அசனத்துக்கு வந்தவங்க, சார். நீங்களும் உக்காருங்க” என்றார் அம்மையார்.

அதிகாரி மரத்தடியைச் சுற்றிப் பார்த்தார். ஓர் அடுப்பும் இல்லை. ஓட்டுநர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். திட்டம் நிலைத்தது. வெட்டவெளியில் இப்போது காற்றுக்கு ஒரு சுவர் இருக்கிறது.

திட்டத்தின் தமிழ்ப்படியில் ஊர் சார்பில் நான் ரேகை வைக்கப் போனபோது அம்மையார் மைப்பெட்டியை மூடிவிட்டார். “படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க. நூறு வருசத்துத் திட்டம், நீங்க படிக்கிற வரைக்கும் காத்திருக்கும்” என்றார். அதற்காகத்தான் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். படித்தேன். போட்டேன்.

நோயில் கிடந்தவரைப் பார்க்கப் போனபோது, “நீங்க வச்ச நாவல் காய்க்கும்போது நீங்க இருக்கணும், அம்மா” என்றேன். “நான் பாக்கவா வச்சேன்?” என்று அதட்டினார். பிறகு, “தண்ணி ஊத்துதாங்களா?” என்று கேட்டார்.

அம்மா, உங்களை ஆற்றங்கரையில் எரித்துவிட்டு வந்து, நேரே தோப்புக்குப் போனேன். பழைய அடுப்பு எரிந்த இடத்தில், உங்கள் படத்தில் இல்லாத ஒரு புளியங்கன்று தானாக முளைத்திருக்கிறது. இரண்டு இலைதான். ஆடு கடிக்காமல் முள் வைத்துவிட்டேன். சூசை தண்ணீர் கொண்டுவந்தான், பச்சைத் தண்ணீர். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள். கன்று எப்படி இருக்கிறது என்று அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன்.