முன்கதவைத் திறக்காத ஆர்லோ

தபால்காரி டார்லாவோட வண்டி தெருமுனையில திரும்புற சத்தம் கேட்டாப் போதும், ஆர்லோ சோபாவுக்குப் பின்னாடி படுத்துருவான். தொப்பை மட்டும் வெளிய தெரியும். அவ ரிஜிஸ்டர் தபாலை ஆட்டிக்கிட்டே ஜன்னல்ல எட்டிப் பாப்பா.

"தொப்பை தெரியுதுய்யா. வந்து கையெழுத்துப் போடு."

"ஆர்லோ ஊர்ல இல்ல"ன்னு சோபா பதில் சொல்லும்.

மிச்சிகன்ல எங்க பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு நம்பிக்கை. கையெழுத்துப் போடாத வரைக்கும் தபால் வரல. தபால் வராத வரைக்கும் பாக்கி இல்ல. மீன்பிடி படகுக்குப் புது மோட்டார் வாங்கி மாட்டுன ஆர்லோ, வீட்டு வரியை வருஷக்கணக்கா கட்டல. கடைசில அவங்கப்பன் கட்டுன வீட்டையே வரி வசூலிக்கிற கவுண்டி நிர்வாகம் எடுத்துக்கிச்சு. ஏலத்துக்கு நாளும் குறிச்சாச்சு. அப்பத்தான் ஆர்லோ ஐயா சோபாவை விட்டு எந்திரிச்சு, 'எனக்குத் தகவலே வரல'ன்னு கேஸ் போட்டாரு.

நானும் கோர்ட்டுக்குப் போனேன். ஆறுதலுக்குன்னு சொல்லிக்கிட்டேன். வேடிக்கைக்குத்தான்.

"தபால் திரும்பி வந்துச்சு. அதனால நேர்ல போய் முன்கதவுல நோட்டீஸ் ஒட்டினோம்"னாங்க கவுண்டி வக்கீலம்மா.

ஆர்லோ நெஞ்சை நிமித்துனான். "முன்கதவா? ஐயா, நம்ம ஊர்ல அதை யாரு தொறக்கா? அது பாதிரியாருக்கும் போலீசுக்கும். நான் பொறந்ததுலருந்து சமையக்கட்டு வாசல்தான். எங்கப்பா பொணமே அப்படித்தான் வெளிய போச்சு. முன்பக்கம் என்ன ஒட்டிருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்?"

ஜட்ஜு சிரிச்சுட்டாரு. அவரும் இந்தப் பக்கத்துக்காரருதான். "எங்க வீட்லயும் அந்தக் கதவு துருப்பிடிச்சுக் கெடக்கு"ன்னு வேற சொன்னாரு. ஆர்லோ திரும்பி என்னைப் பாத்துக் கண்ணடிச்சான். வீடு கைக்கு வந்துட்ட மாதிரிதான் இருந்துச்சு.

வக்கீலம்மா அலட்டிக்கல. "டிசம்பர்ல மறுபடி போனப்ப எடுத்தது"ன்னு ஒரு போட்டோவை அவன் முன்னாடி வச்சாங்க. அவன் வீட்டு முன்கதவு. அதுல நோட்டீஸோட நாலு மூலைதான் தெரியுது. நடுவுல, சரியா எழுத்தை மறைச்சு, சிவப்பு ரிப்பன் கட்டுன, கதவு அலங்காரத்துக்கு மாட்டுற கிறிஸ்துமஸ் இலை வளையம் தொங்குது.

"இதை யாரு மாட்டுனது, ஆர்லோ?" ஜட்ஜு மூஞ்சில இப்ப சிரிப்பு இல்ல.

ஆர்லோ மூக்குக்கண்ணாடியை ஏத்திவிட்டுக் குனிஞ்சு பாத்தான். ரிப்பன் முடிச்சு கொஞ்சம் இடது பக்கமா சாஞ்சிருந்துச்சு. ஒத்தை விரலால போட்டோவைத் தொட்டு, முடிச்சு நேரா வர்ற வரைக்கும் மெல்லத் திருப்பி வச்சான்.