நானே வாங்கிய பல்புகள்

கணவர் இறந்த பிறகு, கொல்லயில் கிராமத்தில் எங்கள் வீட்டு முன்னறையைத் தையலறை ஆக்கினேன். சீலிங்கில் பொருத்த ஸ்பாட்லைட் பல்பு வேண்டியிருந்தது.

"ஒனக்கு அதொண்ணும் தெரியாது. நான் வாங்கித் தாறேன்" என்றார் கணவரின் அண்ணன்.

வீம்புக்கு நானே பாறசாலையில் ஒரு கடைக்குப் போய், இருப்பதிலேயே விலை குறைந்த நான்கு பல்புகளை வாங்கி வந்தேன்.

மறுநாளே வினை வந்தது. மெரூன் நிறக் கல்யாண ரவிக்கையைப் பழுப்பு நூலால் தைத்துவிட்டேன். அந்த வெளிச்சத்தில் இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தன. மணப்பெண் முற்றத்து வெயிலில் விரித்துப் பார்த்து முகம் வாடினாள். அண்ணன் சிரித்தார்.

"இனியாவது நான் வாங்கித் தரட்டா?"

"வேண்டாம் அண்ணே. தப்பா வாங்கினதும் நான்தான், சரியா வாங்கப் போறதும் நானாக்கும்."

ரவிக்கையோடு அதே கடைக்குப் போய், விற்பனைப் பெண்ணிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவள் ஒவ்வொரு பல்பாக எரியவிட்டுத் துணியைக் காட்டினாள். மூன்றாவதில் நூல் தனியாகத் தெரிந்தது.

"இதுக்கு வெல ரொம்பக் கூடுதல் இல்ல சேச்சி. நிறத்த உள்ளபடி காட்டும்."

அதையே வாங்கி வந்து, அன்றே பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். பல்பில் ஏமாந்தது வெட்கம்தான். ஆனால் அன்று அண்ணனுக்குத் தலையாட்டியிருந்தால், பிறகு என் வீட்டில் எதையுமே நான் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன்.