மண்ணெண்ணெயில் நிறுத்திய இஞ்சின்

விடத்தல்தீவு இறங்குதுறையில் போட் இஞ்சின் திருத்தும் நிறஞ்சலாவுக்கு மறதி கிடையாது. மன்னிப்பதும் அவ்வளவாக வராது. பூசைக்குப் போவாள், பாவசங்கீர்த்தனமும் செய்வாள். றெனால்ட் மேலுள்ள கோபத்தை மட்டும் சுவாமியாரிடம் சொன்னதில்லை. சொன்னால் விட்டுவிடச் சொல்வாரே!

ஓ.எல். பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டவள், தொழிற்பயிற்சி நிலையத்தில் இஞ்சின் வகுப்பில் சேர்ந்தாள். அங்கே அவள் ஒருத்திதான் பெண். கடைசி மாதங்களில் ஒரு பட்டறையில் வேலை பழக வேண்டும். அவளை றெனால்டின் பட்டறைக்கு அனுப்பினார்கள். பட்டறைதான் அவருடையது; வேலை முழுவதும் கூலிக்கு நின்ற கிறிஸ்ரியின் தலையில். றெனால்டுக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம் போடுவதுதான்.

இந்தக் கரையில் இஞ்சினைப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். நிறுத்துமுன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் உள்ளேயே தங்கி, மறுநாள் இஞ்சின் கிளம்பாது. கடலுக்குப் போகும் தோமஸின் இஞ்சினை அவள் திருத்தி முடித்த அன்று, ஓட்டிப் பார்த்த றெனால்ட், போன் வந்த அவசரத்தில் மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டார்.

“அண்ணை, பெற்றோலுக்கு மாத்தேல்லை.”

“எனக்குப் படிப்பிக்க வந்தனியோ? தொடாதை. வீட்டை போ.”

விடிய இஞ்சின் கிளம்பவில்லை. தோமஸின் அன்றைய தொழில் போயிற்று. துறையில் எல்லோருக்கும் கேட்க, “பெட்டையளைத் தொட விட்டா இப்பிடித்தான்” என்று றெனால்ட் பழியை அவள் தலையில் போட்டு, அன்றே பட்டறையிலிருந்து கலைத்தும் விட்டார்.

மன்னார் ரவுணில் வேறொரு பட்டறையில் பயிற்சியை முடித்து, துறையிலேயே கொட்டில் போட்டாள். அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. தண்ணீருக்குள் சுழலும் விசிறியை மாற்ற வருவார்கள். இஞ்சினைத் திறக்க விடமாட்டார்கள். ‘அந்த ஆளின் வாயாலேயே சொல்ல வைக்கிறேனா இல்லையா, பார்’ என்று கறுவிக்கொண்டு காத்திருந்தாள்.

இந்த வருடம் கிறிஸ்ரி கட்டாருக்குப் பறந்தான். நண்டுக் காலம். பட்டறை நிறைய இஞ்சின்கள். றெனால்ட் அவளுடைய கொட்டில் வாசலில் வந்து நின்றார்.

“பிள்ளை, இதுகளைச் செய்து தாறியே?”

“முதல்ல தோமஸ் அண்ணையின்ர இஞ்சினை ஆர் நிப்பாட்டினது எண்டு துறையில சொல்லுங்கோ. பிறகு கதைப்பம்.”

மறுநாள் மீனை ஏலம் கூறும் இடத்தில், எல்லோரும் நிற்க, றெனால்ட் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்.

“கேக்கேல்லை அண்ணை. பெலத்துச் சொல்லுங்கோ.”

“நான்தான் மண்ணெண்ணெயில நிப்பாட்டினனான். இவளில பிழையில்லை.”

“இவ்வளவு காலமும் வாயைத் திறக்கேல்லையே!” என்றார் தோமஸ். அவருடைய இஞ்சின் இப்போதும் றெனால்டின் பட்டறையில்தான் கிடந்தது.

றெனால்ட் வியர்வையைத் துடைத்தார். “சரி பிள்ளை, இஞ்சினுகளை ஏத்தி அனுப்பிறன்.”

“வேண்டாம். இஞ்சின் சொந்தக்காரர் எல்லாரும் இஞ்சதான் நிக்கினம். விருப்பமெண்டால் தாங்களே தூக்கிக்கொண்டு என்னட்டை வரட்டும். நடுவில நீங்கள் என்னத்துக்கு?”

றெனால்ட் அவளையே பார்த்தார். இரக்கம் வருகிறதா என்று அவளும் தன்னைப் பார்த்தாள். வரவில்லை. மனம் குளிர்ந்துதான் இருந்தது.

தோமஸ் கையை நீட்டினார். “பட்டறைப் பூட்டின்ர திறப்பைத் தா, றெனால்ட்.”